மூன்று மாதம் என்று எழுதியவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

நாற்பத்தொரு டிகிரி. தக்காளிச் செடிகளுக்குப் பழைய படுக்கை விரிப்புகளால் பந்தல் கட்டினேன். தெருவோடு போன நோஸ்கி நின்று பார்த்துவிட்டு, "தக்காளிக்குக் கல்யாணமா டீச்சர்?" என்றார். சரியான பதில் எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. ஆறு மணி நேரம் தாமதம். நாற்பது வருஷமாக அவரிடம் எனக்கு இப்படித்தான்.

மழைநீர்த் தொட்டியின் பம்ப் மறுபடி முனகியது. சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினேன். முனகல் நின்றது. தண்ணீரும் நின்றது. மாலையில் மாரிசெல் வந்து, முழங்கை வரை கிரீஸோடு குனிந்து பார்த்து, "மேம் வெர்னா, இதைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள். மூன்று தடவை என்று சொன்னேன். கேள்வி கேட்டால் விடை சொல்லிவிடுகிற பழக்கம் போகவில்லை.

பின்கட்டு அறையில் டீசல் மெக்கானிக் ஒருத்தி குடியிருப்பது எனக்கு எவ்வளவு வசதி என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

குடிவரவுத் துறையிலிருந்து மாரிசெலுக்கு மின்னஞ்சல். நிரந்தர விசாதான் வந்துவிட்டது என்று நான் கேக்குக்கு முட்டையை உடைக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் நின்றபடியே மூன்றாவது பத்தி வரை படித்தாள். "மேம், கேக் வேண்டாம்" என்றாள்.

அவளிடம் இருப்பது தற்காலிக விசா. பெருநகரங்களுக்கு வெளியே, எங்கள் விர்ராபீல் போன்ற ஊரில், மூன்று வருஷம் வாழ்ந்து உழைத்துக் காட்டினால் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். காட்டிவிட்டாள். விண்ணப்பித்தும் விட்டாள். இப்போது கேட்கிறார்கள்: இந்தக் காலத்தில் மெல்பர்னில் வாழ்ந்ததாகவும் அங்கே வேலை செய்ததாகவும் தெரிகிறதே, விளக்கம் தேவை. இருபத்தெட்டு நாள் அவகாசம்.

எங்கிருந்து தெரிந்ததாம் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஊரில் யாரோ வேண்டாதவர்கள் எழுதிப் போட்டிருப்பார்கள் என்று நான் கொதித்தேன். இரண்டு பேர் பெயரைக்கூட மனத்தில் குறித்துக்கொண்டேன். ஒன்று நோஸ்கி.

உடைத்த முட்டை நான்கையும் பொரித்துத் தின்றோம்.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுதிப் போட்டவள் நான்.

பாலரட்டிலிருக்கும் விசா ஏஜென்ட் ஒலிபெருக்கியில் பேசினாள். நான் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை முதலில் புகழ்ந்தாள். படித்து அழுகையே வந்துவிட்டதாம். பிறகு இரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்துக் காட்டினாள்.

'மாரிசெல் தும்லாவின் நல்ல உள்ளத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்கு இடுப்பில் அறுவை நடந்தபோது மூன்று மாதம் மெல்பர்னில் என்னோடு வாழ்ந்தாள். அங்கேயும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தெருக்காரர்களின் வண்டிகளையெல்லாம் பழுது பார்த்துக் கொடுத்தாள்.'

தெருக்காரர்களின் வண்டிகளையெல்லாம்! ஒரு வண்டி. நாங்கள் தங்கியிருந்த ஃபிளாட்டுக்கு அடுத்த வீட்டுக் கிழவருடையது. அதுவும் பேட்டரி முனையைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். சுருதி ஏறட்டுமே என்று தெருவையே சேர்த்துவிட்டேன்.

முப்பத்துநான்கு வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்: உதாரணம் எங்கே? உதாரணம் தருக. ஒரு பிள்ளையாவது, 'டீச்சர், சில சமயம் உதாரணம் தராமல் இருப்பதே நல்லது' என்று எனக்குத் திருப்பி எழுதியிருக்கலாம்.

மாரிசெல் கோபப்படவில்லை. "நல்ல மனசோடதான எழுதினீங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 7, சனி

முப்பத்தெட்டு நாள். மருத்துவமனைக் காகிதங்களைத் தேடி எடுத்து விரல்விட்டு எண்ணினேன். மூன்று மாதமாம், மூன்று மாதம்.

பிப்ரவரி 9, திங்கள்

ஏன் மூன்று மாதம் என்று எழுதினேன்? பொய் சொல்ல நினைக்கவில்லை. அப்படித்தான் நினைவில் இருந்தது. தையலில் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்து, கழிப்பறைக்குக்கூட ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு போன நாட்கள். கணவர் க்ளைவ் இறந்தபின் என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. டேரனின் வொர்க்ஷாப்பில் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். டேரன் என் பழைய மாணவன். 'டீச்சருக்குன்னா போ' என்று அனுப்பினானாம்.

ஏஜென்ட் சொல்வது இது. மருத்துவமனைக் காகிதங்களால் முப்பத்தெட்டு நாளை விளக்கிவிடலாம். நோயாளிக்குத் துணை இருப்பது குற்றமில்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. இனி மீதி நாளெல்லாம் அவள் விர்ராபீலில்தான் இருந்தாள் என்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வாடகை ரசீது, வீட்டு முகவரிக்கு வந்த தபால் எதுவானாலும் சரி.

எதுவும் இல்லை.

தபால்காரர் வீட்டுக்கு வருகிற ஊரா இது? எல்லோருக்கும் அஞ்சலகத்தில் பெட்டி. மாரிசெலின் வங்கி, லைசென்ஸ், வரி, அத்தனையும் வொர்க்ஷாப்பின் பெட்டி எண்ணுக்கு. வாடகையை நான் வாங்குவதில்லை. பம்ப், கார், கூரை என்று பார்த்துக்கொள்கிறாள், அதோடு சரி. வந்த புதிதில் அவளே ஒரு ஒப்பந்தப் படிவம் கொண்டுவந்து நீட்டினாள். 'எங்க ஊர்ல கையெழுத்து கேக்கிறது அவமானம்மா, வாய் வார்த்தை போதும்' என்று பெரிய மனுஷியாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

ஆக, என் பின்கட்டு அறையில் ஒருத்தி நான்கு வருஷமாகத் தூங்கி எழுகிறாள் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருக்கிற ஒரே காகிதம், அவள் மெல்பர்னில் வாழ்ந்தாள் என்று நான் எழுதியது.

பிப்ரவரி 11, புதன்

காலை உணவின்போது மாரிசெல் கேட்டாள். "மேம், நீங்க தினம் நோட்டுல எழுதறீங்களே. அதுல நான் இருக்கேனா?"

"வானிலைதான் எழுதுவேன்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

வானிலை! வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் என்ன சமைத்தார்கள் என்று எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. அலமாரியில் நான்கு வருஷத்து நோட்டு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அவள்தான்.

பிறகு ஏன் பொய் சொன்னேன்? முதல் பக்கம் எனக்குத் தெரியும், அதனால்.

பிப்ரவரி 12, வியாழன்

எடுத்துப் பார்த்தேன். நினைத்ததைவிட மோசம். அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். வகுப்பில் தப்பு செய்த பிள்ளையை நான் இம்போசிஷன் எழுத வைத்ததில்லையா?

'மார்ச் 14. பிலிப்பினோப் பெண் இன்று வந்தாள். ஒரு பெட்டி, ஒரு கருவிப் பை. பணிவாகப் பேசுகிறாள், கொஞ்சம் அதிகப் பணிவு. மூன்று வருஷத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். காகிதம் கைக்கு வந்த மறுநாள் மெல்பர்னுக்கு ஓடிவிடுவாள். இவர்கள் எல்லோரும் அப்படித்தான். இந்த ஊர் இவர்களுக்கு ஏணிப்படி.'

இவர்கள் எல்லோரும். அதுவரை எத்தனை பேரைப் பார்த்திருந்தேன்? யாரையும் இல்லை. ஒரு பிள்ளை கட்டுரையில் 'எல்லோரும்' என்று எழுதினால் சுற்றி வட்டம் போட்டு 'யார் யார்?' என்று கேட்பேன்.

ஏப்ரல் 2-இல்: 'கருவாடு பொரிக்கிறாள். வீடு முழுக்கத் துறைமுகம்.' மே மாதம்: 'அவள் இருக்கும்போது கைப்பையை அறையில் வைத்துக்கொள்கிறேன்.'

சீ.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏஜென்டுக்குத் தனியாக ஃபோன் செய்தேன். நாட்குறிப்பு செல்லுமா? துள்ளிக் குதிக்காத குறைதான். அன்றன்றைக்குத் தேதியோடு எழுதியதா, தொடர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டாள். அதைவிட நல்ல சான்று கிடையாதாம். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக நகல் எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் அட்டெஸ்ட் செய்து அனுப்பச் சொன்னாள்.

சில வரிகளை மட்டும் காகிதம் வைத்து மறைத்து நகல் எடுக்கலாமா என்று கேட்டேன். மறைத்தால் என்ன மறைத்தீர்கள் என்று அடுத்த கடிதம் வரும் என்றாள். முதல் பக்கத்தை விட்டுவிட்டால்? அதுதான் அவள் குடிவந்த தேதி, அதை எப்படி விடுவது?

"அதுல என்ன இருக்கு மிஸஸ் பீட்ச்?"

கருவாடு என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தேவாலயத்தில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாரிசெல் அவள் ஊர் வழக்கப்படி டேரன் வீட்டுப் பிறந்தநாளுக்குத் தட்டு நிறைய நூடுல்ஸ் செய்து எடுத்துப் போனாள். அப்பா பயணிகளை ஏற்றி ஓட்டிய ஜீப்பை விற்று இங்கே வந்தவள். திரும்பிப் போனால் ஓட்ட அந்த வண்டிகூட இருக்காது.

என் மானம் ஒரு தட்டில், அவள் வாழ்க்கை ஒரு தட்டில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது கிழவி? யோசிக்கிறேனே.

பிப்ரவரி 16, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்தவளை உட்கார வைத்து, நாட்குறிப்பில் வானிலை மட்டுமில்லை என்று சொன்னேன். முதல் நோட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். சமையலறையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போய் சுத்தமான தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதே தட்டுகளை இரண்டாம் முறையும் கழுவினேன். பிறகு சிரிப்பு கேட்டது. துறைமுகத்துக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். முதல் பக்கத்தில்தான் விரலை வைத்திருந்தாள்.

"இதை எழுதின அன்னைக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா மேம்? அறைச் சுவர்ல காலண்டர் மாட்டி மூணு வருஷத்தை எண்ணினேன். ஒரு நாள் கூட அதிகமா இங்க இருக்கக் கூடாதுன்னு. தங்கச்சி மெல்பர்ன்ல இருக்கா. கடல் இருக்கு. இங்க என்ன இருக்கு, கோதுமை."

"அப்ப நான் எழுதினது சரி?"

"ஓடறது சரி. கைப்பை தப்பு."

சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். அப்போது சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். இந்த வயதில் மன்னிப்புக் கேட்கும்போது சரியான வார்த்தை வராது என்று தெரிந்துகொண்டேன். "சரி மேம்" என்றாள். அது எந்தச் 'சரி' என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அந்தக் காலண்டர் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

இந்த ஊரில் அட்டெஸ்ட் செய்யும் அதிகாரம் இருக்கிற ஒரே மனிதர் யார்? ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர், ஏழு தடவை விவசாயக் கண்காட்சியில் பழக்கேக்குக்கு என்னை முந்தி முதல் பரிசு வாங்கியவர், கீத் நோஸ்கி.

சீல் அழுத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரா? நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் கையெழுத்துப் போட மாட்டாராம். மருந்துச் சீட்டு படித்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். மாரிசெல் பக்கங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தாள். நான் அவருடைய சாப்பாட்டு மேஜை எதிரே, தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி.

இருபத்திரண்டாம் வருஷத்து அக்டோபர் வந்தது. கண்காட்சி நாள். மாரிசெல் என்னோடு வந்தாள் என்பதற்கு அந்தப் பக்கம் வேண்டும். அதே பக்கத்தில்தான் அதுவும். நோஸ்கி நிதானமாக, உரக்கப் படித்தார்.

"'நோஸ்கியின் கேக்குக்கு மறுபடி முதல் பரிசு. நடுவர்களாக இந்த வருஷம் பல் உறுதியானவர்களைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.'"

மாரிசெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நோஸ்கி சீலை அழுத்தினார். "நகல் உண்மைன்னு மட்டும்தான் கையெழுத்து போடறேன் டீச்சர். உள்ள எழுதியிருக்கிறது உண்மைன்னு இல்ல."

இதற்கும் எனக்குப் பதில் இல்லை.

அடுத்த நோட்டில் ஒரு பக்கம். நான் மறந்தே போயிருந்தது. 'ஜூலை 9. உறைபனி. மாரிசெல் பம்புக்குச் சாக்கு சுற்றினாள். ஜாய்ஸ் நோஸ்கியின் அடக்கம். முடிந்தபின் கணவர் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை.'

அதை அவர் உரக்கப் படிக்கவில்லை. விரல் கடைசி வரியில் நின்றது. பிறகு சீல். அந்தக் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. கேக்கும் வைத்தார். தின்றேன். நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 20, வெள்ளி

அனுப்பியாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மருத்துவமனைக் காகிதங்கள், என் புது உறுதிமொழி. இந்த முறை உதாரணம் இல்லை. 'முப்பத்தெட்டு நாள். ஒரு கார். பேட்டரி முனையைத் துடைத்தாள். கூலி வாங்கவில்லை.' ஏஜென்ட் அருமை என்றாள். முப்பத்துநான்கு வருஷத்தில் எழுதியவற்றில் இதுதான் நல்ல கட்டுரை போலும்.

மார்ச் 10, செவ்வாய்

மாரிசெல் 6.50-க்குப் போனாள். 5.20-க்கு வந்தாள். இரவு இங்கே.

மார்ச் 11, புதன்

6.50. 5.35. இரவு இங்கே. அடுத்த கடிதம் வந்தால் தயாராக இருக்கலாமே என்று இப்படி எழுதுகிறேன். "மேம், நான் ஆஜர்" என்று வாசலில் நின்று கையைத் தூக்குகிறாள். கிண்டல்தான். இருந்தாலும் தினமும் வாசலில் நின்று சொல்கிறாள்.

ஏப்ரல் 25, சனி

போர்வீரர் நினைவு நாளுக்கு விடியற்காலையில் நினைவுத்தூண் அருகே ஊரே கூடியது. குளிரில் நோஸ்கி தம் கையுறையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கை உள்ளே போய்விட்டது.

மாரிசெல் 4.40-க்கு என்னோடு. இரவு இங்கே.

ஜூன் 19, வெள்ளி

பதில் இல்லை. மாரிசெலுக்கு இரண்டு பல்லுக்கு நடுவே வலி, பல் வைத்தியரிடம் போக மாட்டேன் என்கிறாள். "எந்த ஊர்ல இருக்கப் போறேன்னு தெரியாம எப்படி மேம் பல்லுக்கு வைத்தியம் பாத்துக்கறது?" என்கிறாள். நானோ இந்த ஊரில் கல்லறைக்கே இடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 28, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றவில்லை. நேராக வந்து ஃபோனை மேஜைமேல் வைத்தாள். நான் கண்ணாடியைத் தேடினேன். தலையிலேயே இருந்தது.

கிடைத்துவிட்டது.

சமையலறைத் தரை முழுக்க கிரீஸ். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அழுதாள். நானும். முட்டையை நான் உடைக்கவில்லை. அவளே உடைத்தாள்.

ஜூலை 30, வியாழன்

இனி அவள் எங்கு வேண்டுமானாலும் வாழலாம். மெல்பர்ன், சிட்னி, கடலோரம், எங்கும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் நகல் எடுத்து, சீல் வாங்கி, அவளுக்கு ஊரைவிட்டுப் போக உரிமை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கெட்டிக்காரி.

தங்கையோடு ஃபோனில் அவர்கள் மொழியில் நிறையப் பேசுகிறாள். 'மெல்பர்ன்' என்ற சொல் மட்டும் புரிகிறது. அது நிறைய வருகிறது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மெல்பர்ன் போனாள். பெரிய பெட்டி. தங்கை பிள்ளைகளுக்குத் துணிமணி, பொம்மை என்று சொன்னாள். இருக்கலாம். எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது என்று காலையிலேயே தீர்மானம் செய்திருந்தேன். கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன முதல் பக்கத்துக்குப் பரிகாரமாக அதுவாவது செய்ய வேண்டாமா?

காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள். "மேம், நான் வர்ற வரைக்கும் பம்பைத் தொடாதீங்க" என்றாள்.

'7.15-க்குப் போனாள்' என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். பதிவேடு முடிந்தது. அவள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பது இனி யாருக்கும் காட்ட வேண்டிய கணக்கு இல்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மழை, பன்னிரண்டு மில்லிமீட்டர். நோஸ்கி கேக்கோடு வந்தார். வாசலிலேயே நின்று, "பல்லுக்கு உத்தரவாதம் இல்ல டீச்சர்" என்றார். "உள்ள வாங்க, பாத்துக்கலாம்" என்றேன். உடனே வந்துவிட்ட பதில். பெரிய பதில் ஒன்றுமில்லை, ஆனாலும் உடனே.

உட்கார்ந்து தேநீர் குடித்தார். பின்னால் பம்ப் முனகிக்கொண்டே இருந்தது. ஏதோ சத்தம் கேக்குதே, சுத்தியல் இருக்கா என்று கேட்டு எழுந்தார். உட்காருங்கள் என்றேன்.

நான்கு நாளாக முனகுகிறது. தொடவில்லை.